சைலன்சரை மாற்றியவர்களுக்கு, புகைப் பரிசோதனை மேசையிலிருந்து

சிங்காநல்லூரில் திருச்சி சாலையை ஒட்டி நான் ஒரு புகைப் பரிசோதனை நிலையம் நடத்துகிறேன். கோயம்புத்தூர் கார்களை நேசிக்கிற ஊர். செட்டிபாளையத்தில் பந்தயத் தடம் இருக்கிறது. தெருவுக்குத் தெரு லேத் பட்டறை இருக்கிறது. ஒரு குழாயை வளைக்கவும் ஒட்டவும் தெரிந்த கைகளுக்கு இங்கே பஞ்சமே இல்லை. அதனால் என் ஷெட்டுக்குள் நுழைகிற கார்களில் கணிசமானவை கம்பெனி சைலன்சரோடு வருவதில்லை. அவற்றை ஓட்டி வருகிற பிள்ளைகள் இறங்கியதும் கேட்பது ஒன்றைத்தான்: "அக்கா, எக்ஸாஸ்ட் மாற்றியிருக்கிறேன். புகைச் சான்று கிடைக்குமா?" எக்ஸாஸ்ட் என்பது இன்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய் வரிசை முழுவதும்; சைலன்சர் அதன் கடைசிப் பாகம்.

வரிசையில் பின்னால் நாலு வண்டி நிற்கும்போது இதற்கு முழுப் பதில் சொல்ல முடிவதில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் எதை மாற்றினீர்கள் என்பதைவிட, எந்த இடத்தில் மாற்றினீர்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். இன்ஜினிலிருந்து வெளியே வரும் வாயு முதலில் மேனிஃபோல்டுக்கு வருகிறது. ஒவ்வொரு சிலிண்டரின் புகையையும் சேர்த்து ஒரே குழாயில் விடுகிற பாகம் அது. பந்தயக்காரர்கள் இதைக் கழற்றிவிட்டு நீளமான தனித்தனிக் குழாய்கள் கொண்ட ஹெடரைப் போடுவார்கள். டர்போ, அதாவது புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் விசிறி, உள்ள காரில் மேனிஃபோல்டை அடுத்து டர்போ, அதை ஒட்டி அதிலிருந்து புகையைக் கீழே கொண்டுவரும் டவுன்பைப். பிறகு புகையின் நச்சைக் குறைக்கிற பெட்டியான கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். அதற்குப் பின்னால் நீண்ட நடுக்குழாய், ரெசனேட்டர், கடைசியில் நாம் பொதுவாகச் சைலன்சர் என்று சொல்லும் மஃப்ளர். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருப்பவை எல்லாம் சத்தத்துக்கான பாகங்கள். அங்கே நீங்கள் செய்கிற மாற்றம் என் கருவியில் பெரும்பாலும் தெரியாது. கன்வெர்ட்டரிலோ அதற்கு முன்னாலோ கை வைத்தால் தெரியும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, பலருக்கும் இது தெரிவதில்லை. முன்பெல்லாம் கன்வெர்ட்டர் காரின் அடிவயிற்றில், ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே எங்கோ தொங்கும். இப்போதைய பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவற்றில் அது இன்ஜினை ஒட்டியே இருக்கிறது. மேனிஃபோல்டோடு சேர்த்தே இணைத்திருப்பார்கள், அல்லது டர்போவின் வாயிலேயே பொருத்தியிருப்பார்கள். கன்வெர்ட்டர் வேலை செய்யத் தொடங்க ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். காலையில் வண்டியைக் கிளப்பிய முதல் ஓரிரு நிமிடங்களில்தான் அதிக நச்சு வெளியேறும் என்பதால், சீக்கிரம் சூடாகட்டும் என்று அதை நெருப்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். ஆகவே இன்று "ஹெடர் மட்டும்தான் மாற்றினேன்", "டவுன்பைப் மட்டும்தான் போட்டேன்" என்று ஒருவர் சொன்னால், பெரும்பாலும் அவர் கன்வெர்ட்டரையே கழற்றிவிட்டார் என்று பொருள். அது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். விற்றவர் சொல்லியிருக்க மாட்டார்.

அந்தப் பாகத்தின் மேல் எனக்குச் சிறுவயதிலிருந்தே ஒரு மரியாதை உண்டு. அப்பா சைலன்சர் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். அம்பாசிடர், பிரீமியர் பத்மினி சைலன்சர்கள் துருப்பிடித்து ஓட்டை விழுந்து வரும். கேஸ் வெல்டிங்கில் அடைத்துக் கொடுப்பார். 1995 ஏப்ரல் 1 முதல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிதாக விற்கும் பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. அந்தக் கார்களுக்காக ஈயம் கலக்காத பெட்ரோலும் அங்கே விற்பனைக்கு வந்தது. ஈயம் பட்டால் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் விலையுயர்ந்த உலோகப் பூச்சின் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்துவிடும். நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோல் மட்டுமே என்றானது 2000 பிப்ரவரியில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் சென்னைப் பதிவெண் கொண்ட கார்கள் வெளியூர்களில் கிடைத்த பெட்ரோலைப் போட்டு ஓடின. அப்படிச் செத்துப்போன ஒரு கன்வெர்ட்டரை அப்பா ரம்பத்தால் அறுத்து எனக்குக் காட்டினார். உள்ளே பீங்கானில் செய்த தேன்கூடு. ஒவ்வொரு கண்ணும் தீக்குச்சியின் தடிமன்கூட இருக்காது. "இந்தச் சுவர் முழுக்கப் பிளாட்டினம் பூசியிருக்கிறார்கள், கண்ணு" என்றார். அந்தத் தேன்கூடு இன்றும் என் மேசைமேல் இருக்கிறது. கேட்கிறவர்களுக்கு எடுத்துக் காட்டுவேன்.

பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய மூன்றும் சேர்ந்து மூன்று வேலை செய்கின்றன. உயிரைக் குடிக்கிற கார்பன் மோனாக்சைடைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றுகின்றன. எரியாமல் தப்பி வந்த பெட்ரோல் ஆவியை, அதாவது ஹைட்ரோகார்பனை, எரித்து நீராவியாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் ஆக்குகின்றன. நைட்ரஜன் ஆக்சைடுகளை உடைத்து வெறும் நைட்ரஜனாக்குகின்றன. முதல் இரண்டுக்கும் ஆக்சிஜன் வேண்டும், மூன்றாவதில் ஆக்சிஜனைப் பறிக்க வேண்டும். இரண்டும் ஒரே பெட்டிக்குள் நடக்க வேண்டுமானால் பெட்ரோலும் காற்றும் மிகச் சரியான அளவில் எரிய வேண்டும். ஒரு கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று. அந்த அளவை லாம்டா 1 என்று குறிக்கிறோம். இதற்காகத்தான் கன்வெர்ட்டருக்கு முன்னால் ஓர் ஆக்சிஜன் சென்சார் இருந்து நொடிக்கு நொடி இன்ஜின் கணினிக்குத் தகவல் சொல்கிறது. பின்னால் இன்னொரு சென்சார் இருந்து, கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று கண்காணிக்கிறது.

இனி என் கருவிக்கு வருகிறேன். பாரத் ஸ்டேஜ் என்பது புது வண்டிகளின் புகைக்கு அரசு வைத்த தர வரிசை; எண் கூடக்கூடக் கட்டுப்பாடும் கூடும். பாரத் ஸ்டேஜ் 4, 6 பெட்ரோல் கார் என்றால் இரண்டு நிலையில் சோதனை. முதலில் ஐடிலிங், ஆக்சிலேட்டரைத் தொடாமல். கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தையும், ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 200 பங்கு) அளவையும் தாண்டக் கூடாது. அடுத்து இன்ஜினை நிமிடத்துக்கு 2,500 சுற்றில் நிறுத்திப் பிடிக்க வேண்டும். 200 கூடக் குறைய இருக்கலாம். அப்போது கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதத்துக்குள்ளும், லாம்டா 0.97 முதல் 1.03 வரைக்குள்ளும் இருக்க வேண்டும். பழைய கார்களுக்கு வரம்பு தளர்வானது. பாரத் ஸ்டேஜ் 2, 3 கார்களுக்கு கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதமும் ஹைட்ரோகார்பன் 750 பி.பி.எம்.-உம். இந்த எண்களைச் சான்றிதழிலேயே அச்சிட்டிருக்கிறது. ஆனால் அதை மடித்து டேஷ்போர்டில் போடுகிறவர்களில் படித்துப் பார்ப்பவர்கள் குறைவு.

படித்துப் பாருங்கள். உங்கள் காரின் உடல்நிலை அதில் இருக்கிறது. லாம்டா 1-ல் நிற்கிறது, கார்பன் மோனாக்சைடு மட்டும் 0.5, 0.7 என்று இருந்தால் இன்ஜின் சரியாக எரிக்கிறது, கன்வெர்ட்டர்தான் இல்லை அல்லது செத்துவிட்டது. லாம்டா 0.93-க்கு இறங்கி, கார்பன் மோனாக்சைடும் ஏறியிருந்தால் பெட்ரோல் அதிகம் பாய்கிறது: இன்ஜெக்டர் ஒழுகலாம், சென்சார் சோர்ந்திருக்கலாம், யாரோ கணினியில் கை வைத்திருக்கலாம். கார்பன் மோனாக்சைடு மிகக் குறைவு, ஆனால் லாம்டா 1.08 என்றால் மகிழ வேண்டாம். எங்கோ வெளிக்காற்று கலக்கிறது. ஹைட்ரோகார்பன் மட்டும் தனியாகத் துள்ளினால் ஒரு சிலிண்டர் பற்றவில்லை என்று ஸ்பார்க் பிளக்கைப் பார்க்கச் சொல்வேன். பற்றாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்தால் அந்தப் பீங்கான் தேன்கூடு உருகியே போகும். அதனால் இந்தக் கடைசி வகையை நாள்கடத்தக் கூடாது.

வெளிக்காற்று விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மாற்றிய எக்ஸாஸ்டோடு வந்து தோற்கும் கார்களில் பல இதில்தான் தோற்கின்றன. இவர்களில் நிறையப் பேர் கன்வெர்ட்டரைத் தொடாத நல்ல பிள்ளைகள். உள்ளூரில் செய்த குழாயின் ஃபிளேஞ்ச், அதாவது அடுத்த குழாயோடு போல்ட் போட்டு இணைக்கும் தட்டு, சமமாக இருக்காது. இணைப்பின் இடுக்கை அடைக்கும் பழைய கேஸ்கெட்டையே மறுபடி போட்டிருப்பார்கள். கசிவு முன் சென்சாருக்கு முன்னால் இருந்தால், உள்ளே இழுக்கப்படும் காற்றைப் பார்த்து "கலவையில் பெட்ரோல் போதவில்லை" என்று கணினி தவறாக எண்ணிக்கொள்ளும். உடனே கூடுதலாகப் பெட்ரோலைச் செலுத்தும். கார்பன் மோனாக்சைடு ஏறும், மைலேஜ் இறங்கும். கசிவு பின்னால் இருந்தால் கணினிக்கு எதுவும் தெரியாது. என் கருவிக்கு வரும் வாயு மட்டும் நீர்த்துப்போய் லாம்டா எகிறும். ஒரு துணியால் சைலன்சர் வாயைச் சில நொடிகள் அடைத்துப் பிடித்தால் கசியும் இடத்தில் சீறும் சத்தம் கேட்கும். கையைச் சுட்டுக்கொள்ளாமல் வண்டி ஆறியிருக்கும்போதே செய்யுங்கள். ஒரு கேஸ்கெட், ஒரு மணி நேர வேலை. அதற்காக முழு எக்ஸாஸ்டையும் கழற்றி எறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்று அங்குல வாய் கொண்ட பெரிய டிப்புகளிலும், அதாவது சைலன்சரின் வெளிமுனைகளிலும், இதே தொல்லை. உள்ளே தடுப்பே இல்லாத நேர்க்குழாய் மஃப்ளரில், ஐடிலிங்கின்போது வாயு துடித்துத் துடித்துத்தான் வரும். ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் வெளிக்காற்று கொஞ்சம் உள்ளே ஏறி இறங்கும். பரிசோதனைக் குழலை வாயருகே தொங்கவிட்டால் கருவி அந்தக் காற்றையும் சேர்த்தே அளக்கும். அதனால் நான் குழலை ஓரடி ஆழத்துக்காவது செலுத்துவேன். கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு காட்டுகிறது என்றும் பார்ப்பேன். நன்றாக எரியும் பெட்ரோல் இன்ஜினில் அது 14, 15 சதவீதம் இருக்க வேண்டும். 10, 11 காட்டினால் அந்தச் சோதனையை நான் ஏற்பதில்லை, காரை விடுவிக்க வேண்டும் என்று உரிமையாளர் எவ்வளவு அவசரப்பட்டாலும் சரி.

கடந்த ஆண்டு சூலூர்ப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். 2018-இல் வாங்கிய சிறிய கார். ஒரு கீறல் இல்லாமல் வைத்திருந்தார். சைலன்சர் கம்பெனி சைலன்சர்தான். ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.71. ஹைட்ரோகார்பன் 240. லாம்டா மிகச் சரியாக 1.00. எனக்கு நம்ப முடியவில்லை. வண்டியைப் பத்து கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு வரச் சொன்னேன். அதே எண்கள். படுத்து, காரின் அடியில் பார்த்தேன். கன்வெர்ட்டரின் தகட்டு உறையில், சுற்றிலும் புதிய வெல்டிங் கோடு. ஸ்பேனரால் மெல்லத் தட்டினேன். காலி டப்பாவின் ஓசை.

சில மாதங்களுக்கு முன் கிளட்ச் வேலைக்காக ஒரு பட்டறையில் இரண்டு நாள் விட்டிருந்தாராம். எந்தப் பட்டறை என்று நான் எழுதப் போவதில்லை. உறையை அறுத்து, உள்ளே இருந்த தேன்கூட்டை எடுத்துக்கொண்டு, மறுபடி ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள். அதில் இருக்கும் உலோகத்துக்காக வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ரோடியமும் பல்லேடியமும் தங்கத்தைவிட விலை ஏறிய காலமும் உண்டு. "வண்டி கொஞ்சம் வேகமாக இழுப்பது போல இருந்ததம்மா, நல்ல வேலை செய்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்" என்றார் அவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் நின்ற மனிதர். தன் கார் தெருவில் என்ன விட்டுக்கொண்டிருந்தது என்று தெரிந்ததும் முகம் வாடிவிட்டது. எனக்குக் கோபம் அடங்க நெடுநேரம் ஆயிற்று. அவர் பாகத்தைத் திருடியது ஒரு குற்றம். அந்தக் கார் போகும் வழியெல்லாம், அதன் பின்னால் ஸ்கூட்டரில் குழந்தையை உட்காரவைத்துப் போகிறவளிடமிருந்தும் ஏதோ ஒன்றைத் திருடியிருக்கிறார்கள்.

வண்டியை வேலைக்கு விடும்போது அடியில் ஒருமுறை கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வாங்கும்போது ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதற்கு நேர்மாறான இன்னொரு வகை, தெரிந்தே கழற்றுகிறவர்கள். பீளமேட்டில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, டர்போ பெட்ரோல் கார், பாரத் ஸ்டேஜ் 6. கன்வெர்ட்டர் இல்லாத டவுன்பைப், கணினியில் ரீமேப், அதாவது சக்தி கூட்ட இன்ஜின் மென்பொருளை மாற்றி எழுதுவது. கன்வெர்ட்டர் இல்லை என்று பின் சென்சார் புகார் சொல்லி டேஷ்போர்டில் விளக்கு எரியாமல் இருக்க, அதையும் மென்பொருளில் அணைத்திருந்தான். கார்பன் மோனாக்சைடு 0.58. ஷெட் முழுக்கக் கண்ணெரிச்சல். "இருநூறு ரூபாய் சேர்த்துத் தருகிறேன் அக்கா" என்றான். அது நடக்காது என்று தெரிந்ததும், "வேறு இடத்தில் எடுத்துக்கொள்கிறேன்" என்றான். எடுக்க முடியும் என்பதை நானும் அறிவேன். குழலை வேறு வண்டியில் செருகிவிட்டு இந்த வண்டியின் எண் பலகையைப் படம் பிடிக்கிற மையங்கள் இருக்கின்றன. இந்தத் தொழிலில் எனக்கு இருக்கும் ஆகப் பெரிய வேதனை அது.

நான் அவனிடம் கேட்டது, கம்பெனி டவுன்பைப் எங்கே என்றுதான். வீட்டுப் பரணில் பத்திரமாக இருக்கிறது என்றான். அதை மாட்டிக்கொண்டு வந்தான்: கார்பன் மோனாக்சைடு 0.01, ஹைட்ரோகார்பன் 12. அதே இன்ஜின், அதே பெட்ரோல். ஒரு பாகம் இருப்பதற்கும் இல்லாததற்கும் இடையே இருக்கும் தூரம் இந்த இரண்டு எண்களில் இருக்கிறது. இரண்டு அச்சுத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவனுக்குக் காட்டினேன். சான்று வாங்கிப் போனவன் மறுவாரமே பழையபடி மாற்றிக்கொண்டிருக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை வரும் பரிசோதனையால் அதைத் தடுக்க முடியாது.

இந்தப் பிள்ளைகளின் ஆசையை நான் குறைத்துப் பேசவில்லை. டிப்ளமோவில் ஆட்டோமொபைல் படித்தவள் நான். ஒரு நல்ல நான்கு சிலிண்டர் இன்ஜின் ஐயாயிரம் சுற்றைத் தாண்டும்போது எழுப்புகிற குரல் எனக்கும் சிலிர்ப்பூட்டும். ஆனால் அவர்களுக்கு விற்கப்படுகிற பொய்கள் எனக்கு ஆத்திரமூட்டுகின்றன. டர்போ இல்லாத 1.2 லிட்டர் காரில் பின்பக்க எக்ஸாஸ்டை மாற்றினால் இரண்டு மூன்று குதிரைத்திறன் கூடினாலே பெரிது. குழாய் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது என்பதும் பொய். இன்ஜினுக்குப் பின்னழுத்தம், அதாவது வெளியேறும் வாயுவுக்குக் குழாயில் ஒரு தடை, தேவை என்று சிலர் சொல்வதும் பொய். இன்ஜினுக்குத் தேவை வாயுவின் வேகம். ஒரு சிலிண்டரின் வாயு வேகமாக ஓடினால் அது தன் பின்னால் அடுத்ததையும் இழுத்துக்கொண்டு போகும். சின்ன இன்ஜினுக்குப் பெரிய குழாய் போட்டால் வாயு சோம்பிவிடுகிறது. காந்திபுரம் நெரிசலில் இரண்டாவது கியரில் இழுக்கவே மாட்டேன் என்கிறது. டர்போ காரில் டவுன்பைப் மாற்றினால் உண்மையாகவே சக்தி கூடும், மறுக்க மாட்டேன். அந்தச் சக்தியைப் பயன்படுத்த இடம் செட்டிபாளையத்துத் தடம். பந்தயத்துக்கென்றே ஒரு வண்டியை ஒதுக்கி டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகிறவர்களிடம் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. அதே வண்டி மறுநாள் காலை பள்ளி வாசலில் நிற்பதில்தான் சண்டை.

கன்வெர்ட்டரையும் விடமாட்டேன், ஓட்டமும் வேண்டும் என்கிறவர்கள் ஸ்போர்ட்ஸ் கன்வெர்ட்டர் போடுகிறார்கள். கம்பெனி கன்வெர்ட்டரில் ஒரு சதுர அங்குலத்துக்கு 400, 600 கண்கள் இருக்கும். இதில் 200, சிலவற்றில் 100. கண்கள் பெரிதானால் வாயு எளிதாக ஓடும், பூச்சைத் தொட்டுப் போகும் பரப்பு குறையும். நல்ல சரக்காக இருந்தால் நன்கு சூடேறிய வண்டியில் என் சோதனையில் தேறிவிடுகிறது. மலிவானதில் உலோகப் பூச்சு பெயருக்குத்தான் இருக்கிறது. ஓராண்டு தாங்காமல் மறுபரிசோதனையில் தோற்றுப்போனவை உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் தந்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி உரிமையாளர் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். காற்று மாசு, ஒலி வரம்புகளை மீறி ஓட்டினால் 190-ஆவது பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் விதிக்கலாம். ஆகவே கன்வெர்ட்டருக்குப் பின்னால் மாற்றினால் என் கருவி ஒன்றும் சொல்லாது என்று நான் எழுதியதை, சாலையில் காவலர் ஒன்றும் சொல்லமாட்டார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் காற்றை அளக்கிறேன், சத்தத்தை அளப்பதில்லை. இரவு பதினொரு மணிக்கு மருத்துவமனைத் தெருவில் நேர்க்குழாய் சைலன்சரோடு ஆக்சிலேட்டரை முறுக்குகிறவனுக்கு என் சான்று கவசமாகாது.

இனி என் சோதனையின் குறையையும் சொல்ல வேண்டும். பெட்ரோல் கார்களுக்கு நாங்கள் நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதே இல்லை. அது சுமை ஏற்றி ஓடும்போதுதான் அதிகம் வரும்; நின்ற இடத்தில் வரும் அளவு சிறிது. காரின் கணினியோடு இணைத்துப் பிழைக் குறியீடுகளைப் படிப்பதும் இந்தச் சோதனையில் இல்லை. ரீமேப் செய்தவர்களின் மென்பொருள் ஐடிலிங்கில் சாதுவாக இருந்துவிட்டு, முழு ஆக்சிலேட்டரில்தான் பெட்ரோலைக் கொட்டும். கன்வெர்ட்டர் இருந்தால் அந்தக் கார் என்னிடம் தேறிவிடும். நான் தோற்கடிக்க வழியில்லை.

என் சித்தி மகன் கலிபோர்னியாவில் இருக்கிறான். பழைய ஹோண்டா வைத்திருக்கிறான். அங்கே இதே வேலை எப்படி நடக்கிறது என்று அவன் வழியாகத்தான் முதலில் அறிந்தேன், பிறகு நானே தேடிப் படித்தேன். 2000-ஆம் ஆண்டு மாடல் முதலான பெட்ரோல் கார்களுக்கு அங்கே குழலைச் செருகுவதில்லை. காரின் கணினியில் கேபிளை இணைக்கிறார்கள். பிழைகளை அழித்துவிட்டு நேராக வந்தால் பிடிபடும். சுயபரிசோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்றும் கணினியே சொல்லிவிடும். 2021 ஜூலை முதல் மென்பொருள் மாற்றப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். அதோடு பரிசோதகர் பானெட்டைத் திறந்து கண்ணாலும் பார்க்கிறார். ஹெடர், கன்வெர்ட்டர் போன்ற வெளிச்சந்தைப் பாகங்களுக்கு மாநிலத்தின் காற்று வள வாரியம் சோதித்து ஓர் ஆணை எண் தருகிறது. அந்த எண் பாகத்தின் மேல் இருக்க வேண்டும், அந்தக் கார் மாடலுக்கு உரியதாகவும் இருக்க வேண்டும். கன்வெர்ட்டருக்குப் பின்னால் வரும் குழாய்க்கும் மஃப்ளருக்கும் அந்த எண் தேவையில்லை. சத்தத்துக்கு மட்டும் தனி வரம்பு.

இதைப் படித்தபோது எனக்கு வந்த ஏக்கத்தைச் சொல்லி முடியாது. ஆசைப்படுகிற பிள்ளைக்கு அங்கே நேரான ஒரு வழி இருக்கிறது: சோதித்த பாகத்தை வாங்கு, எண்ணைக் காட்டு, போ. நம் ஊரில் அந்த வழியே இல்லை. நன்றாகச் செய்யத் தெரிந்த, எங்கள் ஊர் கணபதி பகுதிப் பட்டறைக்காரர் ஒருவர், கன்வெர்ட்டரைத் தொடாமல், சத்த வரம்புக்குள் அடங்குகிற ஓர் அருமையான துருப்பிடிக்காத எஃகு எக்ஸாஸ்டைச் செய்தாலும், ஓட்டை டப்பாவை விற்கிறவரும் அவரும் சட்டத்தின் முன் ஒன்றுதான். புனேயில் வாகனங்களைச் சோதித்துச் சான்று தரும் ஏ.ஆர்.ஏ.ஐ. ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. நமக்குப் பக்கத்திலேயே ஒரகடத்தில் உலகத் தரமான வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வெளிச்சந்தை எக்ஸாஸ்டுகளை அங்கே அளந்து ஓர் எண்ணைக் கொடுங்கள். என் போன்றவர்களின் கருவியோடு கணினியைப் படிக்கும் கேபிளையும் கட்டாயமாக்குங்கள். கருவி வாங்கும் செலவை நான் ஏற்கத் தயார். போக்குவரத்துத் துறை நடத்திய ஒரு கூட்டத்தில் எழுந்து இதைச் சொன்னேன், எழுத்தாகவும் கொடுத்திருக்கிறேன். பதில் வந்தால் இங்கே எழுதுகிறேன்.

அதுவரை, மாற்றிய எக்ஸாஸ்டோடு என்னிடம் வருகிறவர்களுக்குச் சில வேண்டுகோள்கள். வீட்டிலிருந்து நேராக இரண்டு தெரு தள்ளி வந்து நிறுத்தாதீர்கள். இருபது நிமிடம் நன்றாக ஓட்டிச் சூடேற்றிக்கொண்டு வாருங்கள்; வரிசையில் நிற்கும்போது இன்ஜினை அணைத்தாலும், உங்கள் முறைக்கு முன் கிளப்பி 2,500 சுற்றில் மூன்று நிமிடம் வையுங்கள். இன்ஜின் ஆயில் பழசாகியிருந்தால் மாற்றிவிட்டு வாருங்கள். பழைய ஆயிலில் கலந்திருக்கும் பெட்ரோல், ஹைட்ரோகார்பனாகத் திரும்பி வரும். டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரிந்தால் முதலில் அதைப் பாருங்கள். "எரிபொருளில் கலந்தால் பாஸ்" என்று புட்டியில் விற்கிற திரவங்களுக்குக் காசைக் கொடுக்காதீர்கள். செத்த கன்வெர்ட்டரை எந்தத் திரவமும் எழுப்பாது. தோற்றால் அச்சுத் தாளைக் கிழித்துப் போடாமல் மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். எங்கே தேட வேண்டும் என்பது அந்த நான்கைந்து எண்களிலேயே இருக்கிறது.

சூலூர் ஆசிரியர் அசல் கன்வெர்ட்டரையே வாங்கிப் போட்டார். ஐந்து இலக்கத்தில் செலவு. பட்டறையின் மேல் காவல் நிலையத்தில் புகாரும் கொடுத்திருக்கிறார், என் இரண்டு அச்சுத் தாள்களும் அதோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. நீதிமன்றத்துக்குப் போனால் சாட்சி சொல்ல வருவேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.